பனியில் சறுக்கலாம், பணத்தில் சறுக்கலாமா?

பனியில் சறுக்கி விழுந்தால் கால் முறியும். பணத்தில் சறுக்கி விழுந்தால் நட்பு முறியும்.

முறிந்த காலுக்கு மாவுக்கட்டுப் போடலாம். சில வாரங்களில் எலும்பு கூடிவிடும். முறிந்த நட்புக்கு எந்த ஆஸ்பத்திரியில் கட்டுப் போடுவது?

ஐரோப்பாவில் குளிர்காலம் வந்துவிட்டால் லட்சக்கணக்கான மக்கள் ஆல்ப்ஸ் மலைக்குப் புறப்படுகிறார்கள். பனிச்சறுக்கு விளையாடப் போகிறார்கள். தனியாகப் போகிறவர்கள் குறைவு. நண்பர்களாகச் சேர்ந்து போகிறார்கள். இரண்டு மூன்று குடும்பங்கள் ஒன்றாகப் போவதும் உண்டு. ஒரே வீட்டை வாடகைக்குப் பிடித்து ஒரு வாரம் தங்குகிறார்கள்.

போகும்போது சிரிப்பு. திரும்பும்போது சிலர் முகத்தில் சுளிப்பு. ஒரே விமானத்தில் வந்தாலும் பேச்சு இல்லை. காரணம் பனியா? இல்லை. குளிரா? அதுவும் இல்லை. பில்!

ஒருவர் தாராளமாகச் செலவு செய்பவர். இன்னொருவர் எண்ணி எண்ணிச் செலவு செய்பவர். இருவரும் நல்லவர்கள்தான். ஆனால் ஒரு வாரம் ஒரே கூரையின் கீழ் இருந்தால் உரசல் வருகிறது. இந்த உரசலைத் தடுக்க முடியாதா?

முடியும். அதற்குக் கொஞ்சம் கணக்கு வேண்டும். கொஞ்சம் துணிச்சல் வேண்டும்.

சென்னையில் பிறந்தவர்

பனிச்சறுக்கு என்பது என்ன? காலில் கனத்த பூட்ஸ். பூட்சுக்கு அடியில் நீண்ட இரண்டு பலகைகள். கையில் இரண்டு கோல்கள். மலை உச்சியில் இருந்து பனிச் சரிவில் வழுக்கிக்கொண்டே இறங்க வேண்டும். இதுதான் விளையாட்டு.

இறங்குவது சரி, ஏறுவது எப்படி? பழனி மலையில் "ரோப் கார்" ஓடுகிறது அல்லவா? அதுபோல மலைதோறும் கம்பியில் ஓடும் ஊர்திகள் உண்டு. அவற்றில் ஏறி உச்சிக்குப் போவார்கள். சறுக்கி இறங்குவார்கள். மறுபடியும் ஏறுவார்கள்.

இந்த விளையாட்டுக்கும் சென்னைக்கும் ஒரு தொடர்பு உண்டு. ஹென்றி லன் என்று ஓர் ஆங்கிலேயர். மருத்துவர், பாதிரியார். மதப் பணிக்காக இந்தியாவுக்கு வந்தார். 1888-ம் ஆண்டு சென்னையில் அவருக்கு ஓர் ஆண் குழந்தை பிறந்தது. பெயர் ஆர்னால்டு லன்.

தந்தை நெடுங்காலம் இங்கே தங்கவில்லை. இங்கிலாந்துக்குத் திரும்பிப் பயண ஏற்பாட்டுத் தொழிலில் இறங்கினார். குளிர்காலத்தில் ஆங்கிலேயர்களைக் கூட்டம் கூட்டமாக சுவிட்சர்லாந்து மலைகளுக்கு அழைத்துச் சென்றவர்களில் அவர் முக்கியமானவர். மகன் ஆர்னால்டு, 1922-ம் ஆண்டு சுவிட்சர்லாந்தில் மூரன் என்ற ஊரில் ஒரு புதுப் போட்டியை நடத்தினார். கொடிகளை நட்டு, அவற்றுக்கு இடையே வளைந்து வளைந்து சறுக்கும் போட்டி. இன்று ஒலிம்பிக்கில் நடக்கும் "ஸ்லாலம்" போட்டிக்கு அதுதான் முன்னோடி.

குழுவாகப் பனிமலைக்குப் போவது, ஆக, நூறு ஆண்டுக்கு மேற்பட்ட வழக்கம். குழுவாகப் போனால் செலவைப் பிரிக்க வேண்டும். பிரிக்கும் இடத்தில்தான் பிரிவும் வருகிறது.

ஓட்டல்காரர் செய்த தந்திரம்

சுவிட்சர்லாந்தில் செயின்ட் மோரிட்ஸ் என்பது புகழ்பெற்ற ஊர். அங்கே ஒரு கதை சொல்வார்கள்.

1864-ம் ஆண்டு. யோகான்னஸ் பாட்ருட் என்பவர் அங்கே ஓட்டல் நடத்தினார். அந்தக் காலத்தில் கோடையில்தான் விருந்தாளிகள் வருவார்கள். குளிர்காலத்தில் ஓட்டல் காலி. அவர், கோடையில் வந்த ஆங்கிலேயர்களிடம் ஒரு பந்தயம் கட்டினார்.

"குளிர்காலத்தில் வந்து பாருங்கள். வெயில் பளிச்சென்று அடிக்கும். பிடிக்காவிட்டால் உங்கள் பயணச் செலவை நான் தருகிறேன்" என்றார்.

அவர்கள் வந்தார்கள். பிடித்துப்போய் ஈஸ்டர் வரை தங்கிவிட்டார்கள். ஆல்ப்ஸ் மலையில் குளிர்காலச் சுற்றுலா தொடங்கிய கதை இது என்பார்கள்.

இதில் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. "யார் செலவு?" என்பதை அந்த ஓட்டல்காரர் முதலிலேயே சொல்லிவிட்டார். வந்த பிறகு பேசிக்கொள்ளலாம் என்று விடவில்லை. பந்தயம் கட்டியவருக்கும் வருத்தம் இல்லை. வந்தவருக்கும் வருத்தம் இல்லை.

செலவு எத்தனை!

பனிச்சறுக்கு ஏழைகளின் விளையாட்டு அல்ல. கிரிக்கெட் ஆட ஒரு மட்டையும் பந்தும் போதும். இது அப்படி அல்ல.

விமானக் கட்டணம் ஒன்று. தங்கும் வீட்டு வாடகை இரண்டு. ரோப் காருக்குச் சீட்டு மூன்று. பலகை, பூட்ஸ், தலைக்கவசம் வாடகை நான்கு. சொல்லித்தரும் ஆசிரியருக்குச் சம்பளம் ஐந்து. இன்ஷூரன்ஸ் ஆறு. சாப்பாடு ஏழு. மாலையில் மது விடுதி எட்டு.

பிரான்சில் "மூன்று பள்ளத்தாக்கு" என்று ஒரு பகுதி இருக்கிறது. சறுக்குப் பாதைகளை எல்லாம் கூட்டினால் 600 கிலோமீட்டர். அங்கே ஆறு நாளைக்கு ரோப் கார் சீட்டு மட்டும் சுமார் 400 யூரோ. நம் பணத்தில் ஏறக்குறைய 40 ஆயிரம் ரூபாய். அமெரிக்காவில் வேல் என்ற ஊரில், நெரிசலான நாட்களில் கவுண்டரில் வாங்கும் ஒரு நாள் சீட்டே 300 டாலரைத் தாண்டிவிட்டது.

இவ்வளவு பெரிய தொகை என்றால் சிறிய வித்தியாசமும் பெரிதாகத் தெரியும். பத்து ரூபாய் காபியில் யாரும் சண்டை போடமாட்டார்கள். பத்தாயிரம் ரூபாய் என்றால்?

எட்டு நண்பர்கள்

எட்டு நண்பர்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். லண்டனில் ஒன்றாகப் படித்தவர்கள். படிக்கும்போது எல்லோர் பையிலும் ஒரே அளவு பணம்தான். அதாவது, ஒன்றும் இல்லை. இப்போது வயது முப்பதைத் தாண்டிவிட்டது. ஒருவர் வங்கியில் பெரிய அதிகாரி. ஒருவர் வழக்கறிஞர். ஒருத்தி பள்ளி ஆசிரியை. ஒருத்தி நர்ஸ். மற்றவர்கள் நடுவில்.

வங்கி அதிகாரிக்குப் பணம் இருக்கிறது, நேரம் இல்லை. ஆண்டுக்கு ஒரு வாரம்தான் விடுமுறை. அதை அரைகுறையாகக் கழிக்க அவர் விரும்பமாட்டார். மலை உச்சியில் உள்ள ஓட்டலில் மதியச் சாப்பாடு வேண்டும் என்பார்.

நர்சுக்கு அது ஒரு நாள் சம்பளம். ரொட்டியும் பாலாடைக்கட்டியும் பையில் வைத்துக்கொண்டு போகலாமே என்று அவள் நினைப்பாள். நினைப்பாள், சொல்லமாட்டாள்.

முதல் நாள் உச்சி ஓட்டல். இரண்டாம் நாளும் அதே. மூன்றாம் நாள் "எனக்குப் பசி இல்லை" என்பாள். நான்காம் நாள் "தலைவலி" என்று வீட்டிலேயே இருந்துவிடுவாள். ஐந்தாம் நாள், "இவள் எப்போதும் இப்படித்தான். கூட்டத்தோடு ஒட்டமாட்டாள்" என்று மற்றவர்கள் பேசத் தொடங்குவார்கள்.

தவறு யார் மேல்? வங்கி அதிகாரி மேலா? அவர் கெட்ட எண்ணத்தோடு எதுவும் செய்யவில்லை. நர்ஸ் மேலா? அவள் யாரிடமும் கை நீட்டவில்லை. புறப்படும் முன்பு பேச வேண்டியதைப் பேசாமல் விட்டார்களே, தவறு அங்கேதான் இருக்கிறது.

சமமாகப் பிரித்தால் நியாயமா?

"ஏன் இந்தத் தொல்லை? எல்லாவற்றையும் எட்டால் வகுத்துவிட்டால் தீர்ந்தது" என்று சொல்பவர்கள் உண்டு. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. நடப்பது வேறு.

இஸ்ரேலில் பொருளாதார அறிஞர்கள் ஒரு சோதனை செய்தார்கள். அதன் முடிவு 2004-ம் ஆண்டு வெளிவந்தது. ஆறு ஆறு பேராக ஓட்டலில் சாப்பிட உட்கார வைத்தார்கள். சில குழுக்களிடம், "அவரவர் சாப்பிட்டதற்கு அவரவர் பணம் கொடுங்கள்" என்றார்கள். சில குழுக்களிடம், "மொத்த பில்லையும் ஆறு பேரும் சமமாகப் பிரித்துக்கொள்ளுங்கள்" என்றார்கள். இன்னும் சிலரிடம், "சாப்பாடு இலவசம்" என்றார்கள்.

என்ன நடந்தது? அவரவர் பணம் கொடுத்தபோது ஓர் ஆள் சராசரியாக 37 ஷெக்கலுக்குச் சாப்பிட்டார். (ஷெக்கல் என்பது இஸ்ரேல் நாணயம்.) சமமாகப் பிரித்தபோது அது 51 ஷெக்கல் ஆனது. இலவசம் என்றபோது 82!

சமமாகப் பிரிப்பது என்றவுடன் கை தானாக விலை உயர்ந்த பண்டத்தை நோக்கிப் போகிறது. "நான் குறைத்துச் சாப்பிட்டால் எனக்கு என்ன லாபம்? மற்றவர் பில்லையும் சேர்த்துத்தானே கட்டப்போகிறேன்?" என்று மனம் கணக்குப் போடுகிறது. நல்ல மனிதனையும் அந்த ஏற்பாடு ஊதாரி ஆக்கிவிடுகிறது.

ஆக, சமம் வேறு, நியாயம் வேறு. மது குடிக்காதவர், குடித்தவரின் பில்லில் எட்டில் ஒரு பங்கைக் கட்டுவது சமமாக இருக்கலாம். நியாயமாகுமா?

கஞ்சன் யார்?

குறைவாகச் செலவு செய்பவனைக் "கஞ்சன்" என்று சொல்லிவிடுவது எளிது. அதிகம் செலவு செய்பவனை "ஊதாரி" என்று சொல்வதும் எளிது. இரண்டும் அவசரத் தீர்ப்பு.

அமெரிக்காவில் மூன்று அறிஞர்கள் இதை ஆராய்ந்தார்கள். 2008-ம் ஆண்டு அவர்கள் கட்டுரை வெளிவந்தது. 13 ஆயிரம் பேருக்கு மேல் கேள்வி கேட்டுப் பார்த்தார்கள். சிலருக்குப் பணத்தை எடுத்துக் கொடுக்கும்போதே வலிக்கிறது. வேண்டிய பொருளைக்கூட வாங்க முடியாமல் தவிக்கிறார்கள். சிலருக்கு வலிக்க வேண்டிய இடத்திலும் வலிப்பது இல்லை. பின்னால் வருந்துகிறார்கள்.

இந்த ஆராய்ச்சி சொல்வது என்ன? செலவுப் பழக்கம் வெறும் வருமானத்தைப் பொறுத்தது அல்ல. அது மனத்தைப் பொறுத்தது. பணக்காரனுக்கும் கை நடுங்கலாம். ஏழைக்கும் கை நீளலாம்.

அதனால், குழுவில் ஒருவன் கையை இறுக்கிப் பிடித்தால், "இவனிடம்தான் பணம் இருக்கிறதே!" என்று கேலி செய்யக்கூடாது. அவன் தலையில் என்ன பொறுப்பு இருக்கிறதோ, யாருக்குத் தெரியும்? வீட்டுக் கடன் இருக்கலாம். வயதான தாயாரின் மருத்துவச் செலவு இருக்கலாம். ஊரறியச் சொல்ல முடியாத கஷ்டம் எல்லா வீட்டிலும் ஒன்று இருக்கத்தான் செய்யும்.

வாய் திறக்காததால் வந்த கடன்

இதில் உண்மையாகவே அடிபடுகிறவர் யார்? செலவு செய்ய முடியாமல், அதைச் சொல்லவும் முடியாமல், கிரெடிட் கார்டைத் தேய்த்துக்கொண்டே இருப்பவர்.

விடுமுறை ஏழு நாள். கடன் ஏழு மாதம். நண்பர்கள் முன்னால் தலை குனியக் கூடாது என்று நினைத்தார். மாதா மாதம் வட்டிக்காரன் முன்னால் தலை குனிகிறார். அடுத்த ஆண்டு "வருகிறாயா?" என்று கேட்டால் ஏதாவது சாக்குச் சொல்கிறார். இரண்டு ஆண்டு சாக்குச் சொன்னால், மூன்றாம் ஆண்டு யாரும் கேட்பதில்லை. சண்டை இல்லை, சச்சரவு இல்லை. ஒரு நட்பு சத்தம் இல்லாமல் செத்துப்போகிறது.

ஐந்து நிமிடம் பேசக் கூச்சப்பட்டதற்கு இது எவ்வளவு பெரிய விலை!

முதலில் பேச வேண்டியவர்

"அப்படியானால் இல்லாதவர் வாய் திறந்து சொல்ல வேண்டியதுதானே?" என்று கேட்கலாம். சொல்லலாம்தான். ஆனால் இருப்பவர் சொல்வது எளிது. இல்லாதவர் சொல்வது கடினம்.

"இந்த முறை குறைந்த செலவில் போவோமா?" என்று வங்கி அதிகாரி கேட்டால் யாரும் அவரை ஏழை என்று நினைக்கமாட்டார்கள். அதையே நர்ஸ் கேட்டால் அவளுக்கு நாக்குத் தடுமாறும். ஆகவே பேச்சை முதலில் எடுக்க வேண்டியவர், பணம் உள்ளவர். இது அவர் செய்யும் தர்மம் அல்ல. கடமை.

பேசும் முறையும் ஒன்று உண்டு. எல்லோரையும் உட்கார வைத்து, "உன்னால் எவ்வளவு முடியும்?" என்று கூட்டத்தில் கேட்கக்கூடாது. ஏற்பாடு செய்பவரிடம் ஒவ்வொருவரும் தனித்தனியே ஒரு தொகையை எழுதிக் கொடுக்கட்டும். "எல்லாம் சேர்த்து இதற்கு மேல் என்னால் முடியாது" என்ற தொகை. அதில் மிகக் குறைந்த தொகை எதுவோ, அதற்குள் பொதுச் செலவு அடங்க வேண்டும். யார் எழுதியது என்பதை யாரிடமும் சொல்லக்கூடாது.

மூன்று பைகள்

செலவை மூன்று பைகளாகப் பிரித்துக்கொண்டால் பாதித் தகராறு தீரும்.

முதல் பை, பொதுப் பை. வீட்டு வாடகை, விமான நிலையத்தில் இருந்து வண்டி, காலை உணவு, இரவுச் சமையலுக்கு மளிகை. இதில் எல்லோருக்கும் பங்கு உண்டு. முதல் நாளே எல்லோரும் ஒரே தொகையைப் போட்டுவிட வேண்டும். ஒவ்வொரு கடையிலும் பையைத் துழாவ வேண்டியதில்லை.

இரண்டாவது பை, அவரவர் பை. மது, மலை உச்சிச் சாப்பாடு, தனி ஆசிரியர், விலை உயர்ந்த பலகை. வேண்டியவர் வாங்கலாம். வேண்டாதவர் விடலாம். "ஏன் வாங்கினாய்?" என்றும் கேட்கக்கூடாது, "ஏன் வாங்கவில்லை?" என்றும் கேட்கக்கூடாது.

மூன்றாவது பை, பாதுகாப்புப் பை. இன்ஷூரன்ஸ், தலைக்கவசம், புதிதாகக் கற்பவருக்குப் பாடம். இதில் சிக்கனம் கூடாது. இத்தாலியில் சறுக்கு மைதானங்களில் இறங்க, பிறருக்கு ஏற்படும் சேதத்துக்கான இன்ஷூரன்ஸ் 2022-ம் ஆண்டு ஜனவரி முதல் கட்டாயம். பிரான்சில், சறுக்கி விழுந்தவரை மீட்கும் செலவை அவரிடமே வசூலிக்க ஊர் நிர்வாகத்துக்கு 1985-ம் ஆண்டுச் சட்டம் உரிமை தந்திருக்கிறது. ஒரு நாளைக்குச் சில யூரோ மிச்சம் பிடிக்கப் போய், ஸ்ட்ரெச்சரில் இறங்கும்போது பெரிய பில் வந்தால் யார் கட்டுவது? கடைசியில் நண்பர்கள்தான்!

"தாயும் பிள்ளையும் ஆனாலும் வாயும் வயிறும் வேறு" என்பது நம் பெரியவர்கள் சொல். தாய்க்கும் பிள்ளைக்குமே அப்படி என்றால், நண்பர்களுக்குச் சொல்ல வேண்டுமா?

அறைக்கு ஒரு விலை

எட்டுப் பேர் தங்கும் வீட்டில் எல்லா அறையும் ஒன்றுபோல் இருக்காது. இரண்டு அறைகளில் குளியல் அறையும் மாடமும் இருக்கும். ஜன்னலைத் திறந்தால் பனிமலை தெரியும். மற்ற இரண்டும் சிறியவை. ரயிலில் இருப்பதுபோல் மேலே ஒன்று, கீழே ஒன்றாகப் படுக்கை.

வாடகை 3,200 யூரோ என்று வைத்துக்கொள்வோம். எட்டால் வகுத்தால் ஆளுக்கு 400. ஆனால் இரண்டு அறையும் ஒன்றா? நல்ல அறையில் உள்ள நால்வரும் ஆளுக்கு 500 கொடுக்கட்டும். சிறிய அறையில் உள்ள நால்வரும் ஆளுக்கு 300 கொடுக்கட்டும். 2,000-ம் 1,200-ம் சேர்ந்து 3,200. கணக்குச் சரி. வசதி வேண்டியவருக்கு வசதி. பணம் மிச்சம் வேண்டியவருக்குப் பணம். யாருக்கும் யாரும் தயவு காட்டவில்லை.

குடும்பங்களுக்கும் இப்படி ஒரு வழி உண்டு. ஒரு குடும்பத்தில் கணவன், மனைவி, மூன்று குழந்தைகள். இன்னொரு குடும்பத்தில் கணவன், மனைவி மட்டும். "குடும்பத்துக்குப் பாதி" என்றால் சிறிய குடும்பத்துக்கு நஷ்டம். "தலைக்கு இவ்வளவு" என்றால் பெரிய குடும்பத்துக்குக் கஷ்டம். குழந்தைக்கு அரைப் பங்கு என்று வைத்தால்? பெரிய குடும்பத்துக்கு மூன்றரைப் பங்கு. சிறிய குடும்பத்துக்கு இரண்டு பங்கு. மளிகைச் செலவு 550 யூரோ என்றால், ஒருவர் 350, மற்றவர் 200. முடிந்தது.

பள்ளி விடுமுறைச் சிக்கல்

இன்னொரு சிக்கல், தேதி. ஆல்ப்ஸ் மலையில் ஜனவரி நடுவில் விலை குறைவு. பிப்ரவரியில் பள்ளிகளுக்கு விடுமுறை விட்டதும் விலை ஏறிவிடும்.

எட்டுப் பேரில் ஒருத்தி ஆசிரியை. பிப்ரவரியில்தான் அவளால் வர முடியும். அவளுக்காக ஏழு பேரும் கூடுதல் விலை கொடுக்க வேண்டுமா? அல்லது அவளை விட்டுவிட்டுப் போக வேண்டுமா?

இதற்குக் கணக்கில் விடை இல்லை. மனத்தில்தான் விடை இருக்கிறது. அவள் வேண்டும் என்றால் அந்த விலையைச் சேர்ந்து ஏற்றுக்கொள்ள வேண்டும். ஏற்றுக்கொண்ட பிறகு, "உன்னால்தான் இவ்வளவு செலவு" என்று ஒருமுறைகூடச் சொல்லக்கூடாது. முடியாது என்றால், ஒரு வருடம் அவளுக்கு ஏற்ற தேதி, மறு வருடம் மற்றவர்களுக்கு ஏற்ற தேதி என்று வைத்துக்கொள்ளலாம். எதுவானாலும் வெளிப்படையாகச் சொல்லிவிட வேண்டும்.

தாராளமும் தொல்லையே

சிலர் தாராளப் பிரபுக்கள். "விடுங்கள், நான் கொடுக்கிறேன்!" என்று எல்லோருக்கும் சேர்த்துக் கொடுத்துவிடுவார்கள். நல்ல குணம்தான். ஒருமுறை கொடுத்தால் அன்பு. தினமும் கொடுத்தால், வாங்கிக்கொள்பவர் மனத்தில் பாரம்.

ஆங்கிலேயர்களிடம் ஒரு பழக்கம் உண்டு. மது விடுதியில் ஒரு சுற்று ஒருவர் வாங்குவார். அடுத்த சுற்று மற்றவர் வாங்க வேண்டும். எட்டுப் பேர் போனால் எட்டுச் சுற்று! ஒரு கோப்பை போதும் என்பவரும் எட்டுக் கோப்பைக்குப் பணம் கொடுக்க நேரிடும். அவருக்கு ஒரு வழி விடுவதுதான் உண்மையான தாராளம்.

கொடுக்க ஆசைப்படுபவர் வேறு விதமாகக் கொடுக்கலாம். கடைசி நாள் இரவு எல்லோருக்கும் ஒரு விருந்து வைக்கலாம். "இது என் பிறந்தநாள் விருந்து" என்று முன்பே சொல்லிவிடலாம். வாங்கியவர் திருப்பிக் கொடுக்க வேண்டும் என்ற கவலை அதில் இல்லை.

சிக்கனக்காரருக்கும் கடமை உண்டு

எல்லாக் குற்றமும் பணக்காரர் மேல்தான் என்று சொல்வதும் நியாயம் அல்ல. சிக்கனக்காரருக்கும் மூன்று கடமைகள் உண்டு.

ஒன்று: முடியாததை முன்பே சொல்ல வேண்டும். எல்லாவற்றுக்கும் "சரி" என்று சொல்லிவிட்டு, அங்கே போய் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்ளக் கூடாது.

இரண்டு: மற்றவர் அனுபவிப்பதைப் பார்த்து, "இதற்கு இவ்வளவு பணமா!" என்று பெருமூச்சு விடக்கூடாது. அவர் பணம், அவர் இஷ்டம்.

மூன்று: கொடுக்க வேண்டியதை உடனே கொடுத்துவிட வேண்டும். குழுவில் ஒருவர்தான் முன்பணம் கட்டுகிறார். எல்லோருடைய சீட்டும் அவர் கணக்கில்தான் வாங்கப்படுகிறது. மாதக்கணக்கில் அவர் வட்டி இல்லாத வங்கியாக நிற்கிறார். அவரை நினைவூட்டும்படி வைப்பதே தவறு. இப்போது யார் எவ்வளவு கொடுத்தார் என்று கணக்கு வைக்க போனிலேயே வசதிகள் வந்துவிட்டன. 2011-ம் ஆண்டு தொடங்கிய "ஸ்பிளிட்வைஸ்" அவற்றில் ஒன்று. நோட்டுப் புத்தகத்தில் எழுதினாலும் போதும். எழுதுவதுதான் முக்கியம்.

சிக்கனமாக இருக்க மலையிலேயே வழிகள் இருக்கின்றன. புதிதாகக் கற்பவருக்கு 600 கிலோமீட்டர் சீட்டு எதற்கு? ஒரே ஒரு பள்ளத்தாக்குக்கான சீட்டு போதும்; விலையும் குறைவு. சில ஊர்களில் ஆரம்பச் சரிவின் ஊர்திக்குக் கட்டணமே இல்லை. அரை நாள் சீட்டும் பல இடங்களில் உண்டு. வீட்டில் இருந்து கொண்டுபோன ரொட்டியை உட்கார்ந்து சாப்பிடுவதற்கென்றே பல பிரெஞ்சு ஊர்களில் தனி அறை ஒதுக்கியிருக்கிறார்கள். அங்கே சாப்பிட யாரும் வெட்கப்படுவதில்லை.

நம் நாட்டில் காஷ்மீர் குல்மார்கிலும் இதைப் பார்க்கலாம். அங்கே ரோப் கார் இரண்டு கட்டமாக ஓடுகிறது. முதல் கட்டம் 1998-ம் ஆண்டும், இரண்டாம் கட்டம் 2005-ம் ஆண்டும் வந்தன. இரண்டுக்கும் சீட்டு தனித்தனி. முதல் கட்டத்தோடு நின்று பனியில் விளையாடுபவரும் உண்டு. உச்சி வரை போகிறவரும் உண்டு. கீழே வந்து எல்லோரும் சேர்ந்து டீ குடிக்கலாம்.

நிறம் பார்த்து இறங்கு

பனிச்சறுக்கு மைதானத்தில் ஓர் அருமையான ஏற்பாடு இருக்கிறது. ஐரோப்பாவில் ஒவ்வொரு சரிவுக்கும் ஒரு நிறம். பச்சை என்றால் மிக எளிது. நீலம் என்றால் எளிது. சிவப்பு கடினம். கறுப்பு மிகக் கடினம்.

பச்சைச் சரிவில் இறங்குபவரை யாரும் இழிவாகப் பார்ப்பதில்லை. புதியவரை இழுத்துக்கொண்டு போய்க் கறுப்புச் சரிவில் யாரும் தள்ளுவதில்லை. தள்ளினால் அவன் நண்பன் அல்ல, கொலைகாரன். அவரவர் திறமைக்கு ஏற்ற நிறத்தில் இறங்குகிறார்கள். மாலையில் ஒரே வீட்டுக்கு வந்து ஒரே அடுப்பைச் சுற்றி உட்காருகிறார்கள்.

காலுக்கு உள்ள மரியாதை பைக்கும் வேண்டாமா? "எனக்கு இந்தச் சரிவு முடியாது" என்று சொல்ல யாரும் கூசுவதில்லை. "எனக்கு இந்தச் செலவு முடியாது" என்று சொல்ல மட்டும் ஏன் கூச வேண்டும்?

அந்த வார்த்தையைக் கூச்சம் இல்லாமல் சொல்ல முடிகிற இடத்தில் நட்பு இருக்கிறது. அதைக் கேட்டு முகம் சுளிக்காத இடத்தில் அது நிலைத்து நிற்கிறது. பனிமலைக்குப் புறப்படுகிறவர்கள் பெட்டியில் கம்பளிச் சட்டையை எடுத்து வைப்பதற்கு முன்பு, இந்த ஒரு பேச்சைப் பேசி முடித்துவிட வேண்டும்.

பனி கோடையில் உருகிவிடும். மறு குளிர்காலத்தில் மறுபடியும் விழும். நட்பு அப்படி அல்ல. அதை உருக விடாதீர்கள்!